கால் சுற்று

இடப்பக்கம் கால் சுற்று, வலப்பக்கம் கால் சுற்று
ஸ்டேரிங் சும்மா சுற்றும்.
அதுவரை சக்கரத்துக்குச் சேதி போகாது.
அறுபத்தெட்டு மாடல் பிக்கப்,
நாலு சக்கரமும் இழுக்கும்.
எந்தப் பக்கம் என்பதில் மட்டும்
அதற்கும் எனக்கும் கொஞ்சம் தாமதம்.

தாளவாடியில் முட்டைக்கோசு ஏற்றித்
திம்பம் இறங்கும்போது
வளைவு வருமுன்பே திருப்பத் தொடங்குவேன்.
நாத்தனார் பாவாத்தாள்
கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்:
"ரோடு இன்னும் நேராத்தான இருக்குதுங் நங்கையா."
திருப்பி முடிக்கையில் வளைவு வந்திருக்கும்.

புளியம்பட்டியில் ஒருவன்
"இதுக்குப் போயி பாக்ஸைக் கழட்டோணுமா" என்று
மேல் போல்ட்டை ரெண்டு திருகு இறுக்கி
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.
பண்ணாரி வரைக்கும் புது வண்டி.
பாவாத்தாள் தூங்கியே போனாள்.
ஒன்பதாம் வளைவில் ஒடித்தேன்.
ஒடிந்தது,
திரும்பி வரவில்லை.
சக்கரம் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டது.
முரண்டு மாட்டை இழுப்பதுபோல்
ரெண்டு பேரும் தொங்கி இழுத்தோம்.
பின்னால் ஒரு லாரி
ஹாரனை எடுக்கவே இல்லை.

சத்தியில், அத்தாணி ரோட்டில்
சென்னியப்பன் பாக்ஸைப் பிரித்தார்.
உள்ளே கிரீஸ் கருப்பட்டியாய் இறுகியிருந்தது.
டீசலில் கழுவி
வார்ம் தண்டை வெயிலில் நீட்டினார்.
ரெண்டு ஓரத்திலும்
அறுபத்தெட்டில் கடைந்த வரி அழியாமல் இருந்தது.
நடுவில் மட்டும் அம்மி மாதிரிக் குழிவு.

இருபத்தேழு வளைவும் சேர்ந்து
தின்றிருக்கும் என்று நினைத்திருந்தேன்.
தின்றது கோபி ரோடு, அந்தியூர் ரோடு,
சந்தைக்குப் போய் வந்த சாதாரண ரோடு.
"நேரா ஓட்டறப்பத்தானுங்க தேயுது.
நடுவுக்குன்னு இறுக்குனா
ஓரத்துல புடிச்சுக்கும்."
சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.
தண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
வைத்துக்கொண்டே நின்றேன்.

உக்கடத்தில் நாலு கடை ஏறி இறங்கி
ஐந்தாவதில் ஒரு ஜீப்பின் பாக்ஸ்.
"ஓடுனது பூராம் வால்பாறை மலைங்க்கா,
அதான் வெலை கம்மி" என்றான் பையன்.
மூடியைத் திறக்கச் சொல்லி
நடுவைப் பார்த்தேன்.
பேரம் பேசாமல் வாங்கினேன்.

காலண்டர் தாளின் பின்னால் கணக்கு:
கிங் பின் செட்டு ஒண்ணு
டை ராடு எண்டு நாலு
பெல் கிராங்க் பின், லேத் கூலி
சிம் மூணு (ஒண்ணு திருப்பி எடுத்தது)
மூன்றரை நாள், ரெண்டு ஆள்.

இப்போது நினைத்தவுடன் திரும்புகிறது.
வம்பு அதில்தான்.
பட்டறை வாசலிலேயே
பழைய கால் சுற்றைக் கை சேர்த்துத் திருப்ப
வண்டி வாழைக்காய் மண்டிச் சுவரில் போய் முட்டியது.
சென்னியப்பன் பம்பர் சப்பையைத் தடவிப் பார்த்தார்,
கணக்கில் சேர்க்கவில்லை.
"வெரக்கட ஆட்டம் உட்டுருக்கறனுங்க.
அது வேணும்.
அதையும் இறுக்கறேன்னு எவனாச்சும் வந்தா
சாவியக் குடுத்துராதீங்க."

நேற்று திம்பம் இறங்கினேன்.
வளைவு வரட்டும் என்று
கையை அடக்கி வைத்துக்கொண்டேன்.
வந்தது, திருப்பினேன், திரும்பியது.
பாவாத்தாள் கம்பியை விடவில்லை.
பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி
ரோடு நேரானதும்
கையை உதறி, கண்ணை மூடப் போனாள்.

"இங்கதான் புடிச்சுக்கோணும்" என்றேன்.