தோள்

பெரிய வியாழன் இரவு ஆராதனைக்கு நான் போகவில்லை.
முனிச்சாலையில், புரோட்டாக் கல் சத்தத்துக்கு நேர் மேலே
மாடியறையில் உட்கார்ந்து
ஆற்றில் இறங்கப்போகும் அழகரை வரவேற்றுப்
பதினோரு பேனர் முடிக்க வேண்டியிருந்தது.
ஒவ்வொன்றிலும் நாற்பது தலைகள்.
மீசை இல்லாதவனுக்கும் கொஞ்சம் முறுக்கிவிடச் சொல்லி
போன் வந்துகொண்டே இருந்தது.

கோயிலில் இந்நேரம் அப்பம் பிட்டிருப்பார்கள்.
மின்விசிறிக்குக் கீழே என் இடத்தில்
யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

ஒன்பதரைக்கு அவர் வந்தார். அனுப்பானடி.
இறந்தவர் பெயர் தவமணி என்றார்,
தன் பெயரைச் சொல்லவில்லை.
போனில் ஒரே ஒரு படம், யாரோ வீட்டு வளைகாப்பு.
கூட்டத்தின் ஓரத்தில் பாதிச் சிரிப்போடு அந்தம்மா,
தோள்மேல் வேறொருத்தியின் கை,
முழங்கைவரை கண்ணாடி வளையல்.

"தனியா எடுத்தது இல்லையாண்ணே?"
"எடுக்கணும்னு தோணலம்மா.
மாவு வித்துட்டு வரும், படுத்துரும்.
காலைல எட்டுக்கு எடுக்குறோம்."

அழகரை மினிமைஸ் செய்தேன்.

முகத்தை வெட்டியெடுப்பது எளிது.
அந்தக் கையை நீக்கியதும்தான்
தோள் இருந்த இடத்தில்
சாம்பலும் வெள்ளையுமாய்க் கட்டங்கட்டமாக
ஒன்றுமில்லாமை தெரிந்தது.

சிருஷ்டிப்பு தேவனுடையது,
நமக்கு விட்டது பராமரிப்பு என்பார் எங்கள் ஆயர்.
இருக்கலாம்.
அன்று என்னிடம் இருந்தது ஒரு சாண் வெறுமை,
இடது பட்டன் தேய்ந்த மவுஸ்.

ஜெபிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.
கண்ணை மூடினால் இப்போதெல்லாம்
லேயர்கள்தான் வருகின்றன,
எதை அணைத்தால் எது மறையும் என்று.

முந்தானையிலிருந்து நீலத்தைக் கடன் வாங்கினேன்.
கரையில் பாதியில் நின்ற மாங்காயைத் தொடர்ந்தேன்.
ரவிக்கைத் தையல் எங்கே வளையும் என்று
என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
மூன்று முறை சுவர்போல வந்தது.
நான்காம் முறை கொஞ்சம் இறக்கிவைத்தேன்,
மாவு வாளி தூக்கினால் அந்தப் பக்கம் இறங்கத்தானே செய்யும்.

"ஆமா," என்றார் என் பின்னாலிருந்து.
வேறொன்றும் சொல்லவில்லை.
கீழே கொத்துபுரோட்டா
நின்று, மறுபடி ஆரம்பித்தது.

பின்னணிக்கு மேகம்.
என்னிடம் இருப்பது ஒரே மேகம்.
மேலே சிலுவை வைத்தாலும் அதுதான், குத்துவிளக்கு வைத்தாலும் அதுதான்.
பல வருடம் முன்பு எங்கள் மொட்டைமாடியில் எடுத்தது,
துணிக்கொடியையும் தம்பி சட்டையையும் அழித்துவிட்டு.
பரலோகம் பற்றி
வேறு ஆதாரம் என் கைவசம் இல்லை.

மெஷின் இடமும் வலமும் ஓடி ஓடி அச்சடித்தது.
முதலில் வானம், பிறகு வகிடு, கண், தோள்.
எது படத்திலிருந்து வந்தது, எது என்னிடமிருந்து என்று
மைக்குத் தெரியவில்லை.
சூடாக இருந்ததைச் சுருட்டி
குழந்தையைப்போல இரு கையிலும் வாங்கிக்கொண்டு போனார்.
நூறு ரூபாய் குறைந்தது. ஓனரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மும்மணி ஆராதனையில்
நான்காம் வார்த்தைக்குத் தூங்கிவிட்டேன்.
"எப்சி, முழி," என்று
அன்னாள் டீச்சர் முழங்கையால் இடித்தார்.
விரலில் இன்னும் சால்வெண்ட் வாசம்.
மனந்திரும்பினேனா என்றால், தெரியவில்லை,
சாயங்காலமே மிச்ச மீசைகளுக்குத் திரும்பினேன்.

ஐப்பசியில் சிந்தாமணி ரோட்டில் மழைக்கு ஒதுங்கினேன்,
ஒரு பஜ்ஜிக் கடை.
ஒழுகாமல் இருக்க மேலே பழைய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்,
அச்சுப்பக்கம் உள்ளே பார்த்து.
முகம் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் மடிந்துபோயிருந்தது.
இங்கே தெரிந்தது நீலம், ஓரமாய் என் மேகம்,
சரிந்த அந்தத் தோள்.

அதன் கீழே சீருடையில் ஒரு பையன்,
சீட்டில் ஈரம் படாமல் நிறுத்திய ஒரு ஸ்கூட்டி,
யாருடையதோ இரண்டு ஆடு, நான்.
கடைக்காரம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்.
ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்,
நல்லதாயிருக்கிறதா என்று.
இரண்டாவது மாங்காய் கொஞ்சம் கோணல்.