இடது பின்பக்கம்

மூன்று கிழமையாக அந்தக் கணினி
எனக்கு இரண்டே இரண்டு ஒலிதான் தந்தது.
ஆறாகப் பதிந்த படம்.
ஆறையும் பிசைந்து இரண்டு கவளமாக்கி
ரிசீவரின் நீலச் சாளரத்தில்
2.0 என்று எழுதிவிட்டுக் கைகழுவியது.

மில் வூட்ஸில் தை மாதம்.
எட்மண்டனுக்கே மைனஸ் முப்பத்தொன்று.
தெரு முழுக்கக் கார்கள்
மூக்கில் வயர் செருகிய நோயாளிகளாய்க் கிடக்க
பேஸ்மென்டில் நான்,
நெற்றியில் விளக்கு, வாயில் இரண்டு திருகாணி.

விஷயம் இவ்வளவுதான்:
ஒரு துளியும் சிந்தாமல் மடித்துக் கட்டிய பொதி அது.
ஒன்றில் கணினியே பிரிக்கவேண்டும்.
அல்லது முடிச்சவிழ்க்காமல்
ரிசீவரிடம் அப்படியே நீட்டவேண்டும்.
என்னுடையது இரண்டையும் விட்டுவிட்டு
பொதியைக் காதோரம் குலுக்கிப் பார்த்து
உள்ளே என்ன இருக்கும் என்று ஊகம் சொன்னது.

ஷேர்வுட் பார்க்கில் ஒருவனிடம்
நாற்பது டொலருக்குப் பழைய கிராபிக்ஸ் கார்ட்.
புருஷனுக்கா என்று கேட்டான்.
எனக்கு என்றேன்.
ஏனோ ஐந்து டொலர் குறைத்தான்.

அன்றிரவு பதினொன்றரைக்குச் சாளரம்
5.1 என்றது.
படியேறி ஓடி
குகதாசனைப் போர்வையோடு இழுத்து வந்தேன்.
நடுக் கதிரையில் இருத்தி,
"சத்தம் எங்க வருதோ அங்க கைகாட்டுங்கோ."

சோதனை இரைச்சல் சுற்றிவரத் தொடங்கியது.
முன் இடது, காட்டினார்.
நடு, காட்டினார்.
முன் வலது. பின் வலது.
பிறகு இடது பின்பக்கம்.
விரல் வலது மூலைக்குப் போனது.
"அது எங்கட ஃபர்னஸ்."

ஃபர்னஸை நிறுத்தினேன்.
வீடு ஆறத் தொடங்கியது.
"இப்ப ஒண்டும் இல்லையப்பா. நான் படுக்கப்போறன்."

வயரைச் சந்தேகித்தேன்.
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொழுவினேன்.
டிரைவரை அழித்து, திரும்ப ஏற்றி, திரும்ப அழித்தேன்.
பழியை வைக்க
இன்னொரு தலை கிடைத்துக்கொண்டே இருந்தது.
ஞாயிறு மத்தியானம் களைத்துப்போய்
அவருடைய கதிரையில் நானே இருந்தேன்.

இடது பின்பக்கம்
மணல் கொட்டியது.
அவ்வளவு சுத்தமாக.

அவரைக் கூப்பிட்டு
கண்ணை மூடச் சொன்னேன்.
விரல் முன் இடதுக்கும் போகவில்லை.
கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று
மரியாதைக்கு ஒரு திசையைத் தேடி
வலதுபக்கம் சரிந்தது.
அன்றைக்கு ஸ்பீக்கர் பெட்டியைக்
கண்ணால் கேட்டிருக்கிறார்.

நிஸ்கு பட்டறையில் தகடு வெட்டும் மெஷின்
பத்தொன்பது வருடம் அவருக்கு இடதுபக்கம் நின்றது.
நானும்தான்.
கட்டிலில் இடது, மேசையில் இடது.
காரில் மட்டும் வலது.
காரில் மட்டும் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை
என்பதை இப்போதுதான் கணக்குப் பார்க்கிறேன்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
எத்தனை தரம் ஏசியிருப்பேன்,
அதையும் அந்தப் பக்கத்திலிருந்தே.

"வேலை செய்யுதா?" என்றார்.
"செய்யுது."
"அப்ப ஏன் முகம் இப்பிடி?"
நான் ரிமோட்டின் பற்றரி மூடியைத்
திறந்து திறந்து மூடினேன்.

காதுப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை இடமிருக்கிறதாம்.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
முதலில் எப்படிச் சொல்வது,
பிறகு எந்தப் பக்கம் நின்று சொல்வது.

அன்றிரவு கட்டிலின் வலதுபக்கம் போய்ப் படுத்தேன்.
"என்ன புதுசா இஞ்சால?"
"அந்தப் பக்கம் யன்னல். குளிருது" என்றேன்,
மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக.

"போர்வையை இழுத்து மூடு" என்றார்
உடனே.