மூணாவதின் இரண்டாம் பக்கம்

செல்லூரில் நூர்தீனின் ரீட்ரெடிங் கடை.
ஷட்டர் இடுப்பளவு இறங்கியிருக்கிறது.
ஞாயிறு, ராத்திரி ஒன்பதரை,
வெந்த ரப்பர் வாடை இன்னும் ஆறவில்லை.

"குதிரைதான்" என்கிறான் துளசிராம்,
குனிந்து உள்ளே வரும்போதே,
தலை நிமிர்வதற்கு முன்பே.

குதிரை என்றால் ஹாலோ ஃபெர்ரியின் முதல் ஆல்பம்.
முன்னட்டையில் பாதிக் குதிரை,
பின்னட்டையில் மீதி.
அந்த அட்டையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.
டவுன்ஹால் ரோட்டில் கேசட் பதிந்து தந்த பாக்கியநாதன்
கையை விரித்துக் காட்டினான்,
இம்புட்டுக் குதிரை என்று.

"அதுல என்ன மாப்ள இருக்கு?
பயலுக இன்னும் சுதி சேத்துக்கிட்டுல்ல இருக்கானுக."
நூர்தீன் நீலத்தின் ஆள். ஐந்தாவது.
பழைய டிரம்மர் போய்ப் புதியவன் வந்தது.
வாயால் சொல்ல மாட்டான்,
லாரி டயரைத் தட்டிக் காட்டுவான்.
போனவன் இப்படி: தொம். தொம்.
வந்தவன் இப்படி:
இரண்டு ஸ்பேனர், ஒரு ரிம்,
எதிர்வீட்டு ஜன்னல் அறைந்து சாத்தப்படும் சத்தம்.

"வந்தவன் கணக்கு வாத்தியார்டா.
போனவனுக்குக் கணக்கு தெரியாது,
அரை நொடி பிந்துவான்.
அந்த அரை நொடியிலதான்
நான் பிளஸ் டூ முடிச்சேன்."

முப்பது வருஷமாக இதே சண்டை.
நடுவில் துளசிராமுக்கு இரண்டு ஸ்டென்ட்,
நூர்தீன் கடைக்கு ஒரு ஜப்தி நோட்டீஸ்,
எனக்கு மின்வாரியத்தில் இரண்டு பதவி உயர்வு.
ஆல்பம் மட்டும் யாரும் மாறவில்லை.

என்னுடையது மூணாவது.
இரண்டாம் பக்கம், கடைசிக்கு முந்தின பாட்டு.
கிட்டார் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்,
திடீரென்று
வைகைக்குள் வண்டி இறங்குகிற மாதிரி
மொத்தமாக ஒரு சரிவு.
குரலும் கூடவே கனத்து இறங்கும்.
பிறகு மெல்ல மெல்ல
அந்தக் கரைக்கு ஏறும்.
இப்படி வாசிக்க இன்னொருத்தன் பிறக்கணும் என்பேன்.
இந்த ஒன்றுக்கு மட்டும்
இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

இன்று நான்தான் திறக்க வேண்டியிருந்தது.

"புதன்கிழமை ஒரிஜினல் கேட்டேன். போன்ல.
சரிவு இல்ல."

"இல்லைன்னா?"

"இல்ல. நேராப் போகுது. நேராவே முடியுது.
அன்னைக்கு டவுன்ஹால் ரோட்டுல வோல்டேஜ் விழுந்திருக்கு.
பாக்கியநாதன் டெக்குக்கு ஸ்டெபிலைசர் உண்டு,
ரெக்கார்டு சுத்துற தட்டுக்குக் கிடையாது.
தட்டு தளர்ந்திருக்கு.
அவன் அந்த ஒரு டேப்பிலிருந்துதான்
ஊருக்கே காப்பி போட்டான்."

கம்ப்ரசர் தானாக ஓடி நின்றது.
துளசிராம்தான் முதலில்:
"அப்ப மூணாவதுக்கு மார்க் குறை."

"எதுக்குக் குறைக்கணும்?
கோட்டைத் தொட்டாச்சுல்ல, பாயிண்ட் பாயிண்ட்தான்."

"தொட்டது இவனுக இல்லடா, ஈ.பி.!"

"அப்ப ஈ.பி.க்குப் போடு.
ஏம்மா கிரேஸ், ஒன் டிபார்ட்மென்ட்தானே,
வாங்கிக்க."

நான் சிரிக்கவில்லை.
புதன்கிழமை ஹெட்போனைக் கழற்றி
மேஜையில் வைத்துவிட்டு
யாரிடமோ ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
யாரிடம் என்று மட்டும்
இன்னும் பிடிபடவில்லை.

நூர்தீன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
அந்த இடத்தை முனகத் தொடங்கினான்.
சரிவுக்கு முன்னால் வருகிற நாலு சுரம்.
துளசிராம் சேர்ந்துகொண்டான், எப்போதும் போல அரை நொடி பிந்தி.
நானும் எங்கே இறங்குவது என்று
யோசிக்காமலே இறங்கினேன்.
மூன்று பேரும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்துக்கு.
லண்டனில் யாரும் இப்படிப் பாடுவதில்லை.

பத்தே முக்காலுக்கு ஷட்டரை
முழங்கால் வரை இறக்கினான்.
ஒவ்வொருவராகக் குனிந்து வெளியேறினோம்.
கபடி ரவுண்டானா திரும்பும்போது
பின்னால் பைக்கில் துளசிராம்,
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு:

"இருந்தாலும் குதிரைதான், கிரேஸ்."