இடது கணுக்கால்

புருசனும் பெண்சாதியும் ஒரு பக்கம் இருந்தால்
அடுத்த நாள் அடுப்பு எரியாது என்று
புஸ்பமலர்தான் சொன்னவள்.
அதனால் எனக்கு எதிர்க்கதிரையில் ஞானசீலன்,
இவருக்கு எதிரே அவள்.
கொக்குவில் ஸ்டேசனடியில் வாடகைக்கு இருந்த காலம்,
கலியாணம் முடிந்து ஏழாம் மாதம்.
அந்த ஒரு சனிக்கிழமைக்கு என்றுதான் தொடங்கினோம்.

முந்நூற்றிநாலு.
ஆளுக்கு எட்டுத் தாள்.
ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது,
ராசாவுக்கு வெறும் மூன்று.
"இதென்ன, ராசாவைவிட வேலைக்காரன் பெரிசோ?"
என்று கேட்டேன்.
"சங்கக்கடையில் வேலை பார்க்கிற நீர்
கேட்கிற கேள்வியோ இது?" என்றார் ஞானசீலன்.
அண்டைக்கே பிடித்துவிட்டது.

இரண்டு தொடக்கம் ஆறுவரை ஆட்டத்தில் இல்லை.
அந்த இருபது தாளையும் எறிய மனமில்லாமல்
பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தேன்.
மூத்தவன் அதில்தான் எண்ணப் பழகினான்.
பள்ளிக்கூடத்தில் சேர்த்த கிழமை
டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டா:
"உங்கட பிள்ளைக்கு ஒன்று என்று ஒரு எண்
இருக்கிறதே தெரியாது."

இளையவளுக்கு நோப் பிடித்தது
நான் இருநூறு கேட்டுத் துரும்பைக் கவிழ்த்த பிறகு.
"எழும்பும்" என்கிறார் இவர்.
"இந்தக் கை முடியட்டும்."
கலாவரைத் துரும்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன்.
ஓட்டோவுக்குள் ஏறிய பிறகுதான் எண்ணி முடித்தேன்,
இருநூற்றுப் பதினொன்று.
அவள் பிறந்த நேரம் எனக்கு ஞாபகமில்லை.

ஊரடங்கு போட்ட மாதங்களில்
அவர்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் வருவார்கள்,
பாயும் கையுமாக, விடியத்தான் போவார்கள்.
குப்பி விளக்கு வெளிச்சத்தில்
ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்பு.
தூரத்தில் ஏதாவது விழுந்து வெடிக்கும்.
"யார் இறக்கம்?" என்பாள் புஸ்பமலர்.

கதைக்கக் கூடாது, கண் காட்டக் கூடாது,
அதுதான் சட்டம்.
ஆனால் இவருக்கு ஜாக் வந்தால்
வலது கால் பெருவிரல் போய்
இடது கணுக்காலைச் சொறியும்.
பக்கத்தில் இருக்கிற எனக்கு
சாரம் அசைவது தெரியும்.
இரண்டாம் வருடமே கண்டுபிடித்தேன்.
சம்பளம், சீட்டுக்காசு, அம்மாவுக்கு அனுப்பினது,
எல்லாம் இவருக்குச் சொன்னேன்.
இதைச் சொல்லவில்லை.
சொன்னால் நான் எப்படி வெல்லுறது?

போன ஐப்பசி.
கிளினிக்கால் வந்து கதிரையில் இருந்து
தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.
"வெறும் காஸ்ரிக்காம். குளிசை தந்தவங்கள்."
சாரம் அசைந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தேன்.
கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டதும்
இவருடைய பையைத் திறந்தேன்.
கவிழ்த்து வைத்த துரும்பை எடுத்துப் பார்ப்பது
ஆட்டத்தில் பெரிய களவு.
பார்த்தேன்.
மூன்று குழாயில் அடைப்பு.

பிறகு கொழும்பு, ஒப்பரேசன்,
வளவில் நின்ற இரண்டு வேம்பை விற்றது,
புஸ்பமலர் இரண்டு மாதம் எங்களுக்குச் சமைத்தது.
"உமக்கு எப்படித் தெரிஞ்சது?"
இன்னும் கேட்கிறார்.
ஆஸ்பத்திரியில் தெரிந்த நேர்ஸ் ஒருத்தி என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.
அந்த நேர்சுக்கு ஒரு சாறி எடுத்துக் குடுக்கவேணும்
என்று நிற்கிறார் மனுசன்.

இன்றைக்கு மார்கழிச் சனி.
நாலு தாள் போட்டாயிற்று.
என் கையில் இஸ்கோப்பன் ஒன்பதும் ஆசும்,
ஒரு பத்து, உதவாத ஏழு ஒன்று.
ஞானசீலன் விட்டுவிட்டார், இனி என் முறை.
மேசைக்குக் கீழே
சாரம் அசைகிறது.

"என்ன, கேட்கிறீரோ, விடுகிறீரோ?"
தாளைப் பார்ப்பதுபோல் குனிந்து
அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மழை விட்ட நேரம்.
நுளம்பாகவும் இருக்கலாம்.