நாயம் பேசியவர்கள்

எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்கு
நான்தான் லீடர்.
டீச்சர் வர்ற வரைக்கும்
போர்டோட இடது மூலையில
பேசுனவங்க பேரெழுதோணும்.
காங்கேயத்துப் பக்கம் பேச்சுக்கு
நாயம்னு பேரு.
'என்னங்கடி அங்க நாயம்'னுதான்
கலாமணி டீச்சர் உள்ளயே வருவாங்க.
அதனால தலைப்பும் அதுதான்:
நாயம் பேசியவர்கள்.

முதல் பேரு எப்பவும் தேவிஸ்ரீ.
பக்கத்துல பெருக்கல் குறி
மூணு விழுந்தா எந்திரிச்சு நிக்கோணும்.
நின்னுட்டும் பேசுவா.
கோழி அடை வெச்சது, சித்தி கல்யாணம்,
சைக்கிள் செயின் கழண்டு
சென்னிமலை ரோட்டுல உருட்டிட்டு வந்தது,
எதையும் மிச்சம் வெக்க மாட்டா.

ஆடிக் காத்து எடுத்த வாரம்
அவ பேர எழுத வேண்டி வரல.
அடுத்த வாரமும்.
'இப்பத்தான் புள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்குது'
டீச்சர் சொன்னாங்க.
எல்லாரும் கை தட்டுனோம்.
நானும் தட்டுனேன்.
எனக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்புக் கட்டடத்தச் சுத்தித்தான்
எங்க பாத்ரூமுக்குப் போகோணும்.
அந்தச் சந்துல அவனுக நாலு பேரு.
என்ன சொன்னாங்கன்னு இதுல எழுத மாட்டேன்.
கை எங்க பட்டுதுன்னும் எழுத மாட்டேன்.
எழுதுனா
திருப்பியும் படும்.

தண்ணி குடிக்கறத நிறுத்திட்டேன்.
வெள்ளன அம்மா நெறைச்ச பாட்டில்
பொழுதோட அப்படியே வீடு வரும்.
தேங்காய்க் களத்துல நாள் முச்சூடும்
பருப்பு காய வெச்சுட்டு வர்றவ
மொதல்ல பாட்டிலத்தான் ஆட்டிப் பார்ப்பா.
'ஏங்கண்ணு, குடிக்கலியா?'
மறந்துட்டேன்.
அடிவயிறு எரியுதுன்னு போனதுக்கு
டாக்டர் சொன்னாரு,
நெறையத் தண்ணி குடிக்கோணும்.
அம்மா இன்னும் பெரிய பாட்டில் வாங்குனா.

ராத்திரியெல்லாம் முழிப்பு.
வகுத்தல் கணக்கு பாதியில நிக்கும்.
ஷாலுக்கு நாலு ஊக்கு, பொறவு ஆறு.
தம்பி பின்னால வந்து
இடுப்பக் கட்டிப் புடிச்சதுக்கு
அறைஞ்சுட்டேன்.
அவனுக்கு அஞ்சு வயசு.
அழுகாம என்னயவே பார்த்தான்.

ஒரு திங்கக்கெழமை
மூலையில கோடு போட்டேன்.
தலைப்பு எழுதல.
அதுக்கு ஒரு வார்த்தையும்
யாரும் எனக்குச் சொல்லிக் குடுத்ததில்ல.
நாலு பேரு மட்டும், வரிசையா.
'இவனுக நம்ம கிளாஸே இல்லியே?'
டீச்சர் டஸ்டர எடுத்தாங்க.
செவ்வாய் எழுதுனேன். அழிச்சாங்க.
புதன் எழுதுனேன்.
'லீடர் வேலை புடிக்கலீன்னா சொல்லிப்போடு.'
அன்னைக்கு இன்டர்வெல் முடிஞ்சு வந்தா
அழிச்ச எடத்துல அதே நாலு பேரு,
பக்கத்துல பெருக்கல் குறிக.
நான் போட்டதில்ல.
ஒண்ணு பச்சைச் சாக்பீஸ்ல.
ஒண்ணு கண்ணுக்கே தெரியாத மாதிரி.
ஒண்ணு அழுத்துன அழுத்துல
சாக்பீஸ் ஒடைஞ்சு போர்டக் கீறியிருந்துது.
எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு.
எங்க வகுப்புல பொண்ணுக பதினாலு.

வெள்ளிக்கெழமை
கடைசியில அஞ்சாவதா ஒரு பேரு.
தேவிஸ்ரீ கையெழுத்து,
சுழி எப்பவும் பெருசாப் போடுவா.
அந்தப் பேரு
சார்னு முடிஞ்சுது.
அங்கயும் மருவாதிய விடல அவ.

கலாமணி டீச்சர் வந்தாங்க.
டஸ்டர எடுத்தாங்க.
ஒண்ணாம் பேரு போச்சு. ரெண்டு, மூணு, நாலு.
அஞ்சாவதுகிட்டப் போன கை
நின்னுது.
வெளிய காத்து.
கொக்கி போடாத ஜன்னல்
அடிச்சு அடிச்சுத் தொறந்துச்சு.
வகுப்புல ஒருத்தரும் நாயம் பேசல.

யாரும் சொல்லாமயே
தேவிஸ்ரீ எந்திரிச்சு நின்னா.
பொறவு பின்னாடி பெஞ்சுல ஒருத்தி.
எனக்கு முழங்கால் நடுங்குச்சு,
பெஞ்சப் புடிச்சுட்டு நானும்.

டீச்சர் போய்க் கதவச் சாத்துனாங்க.
டஸ்டர இன்னும்
கீழ வெக்கல.