முதல் தட்டு

கானாடுகாத்தான் வீடு பங்கு பிரிந்தபோது
பதினொரு பங்காளிகள், நாற்பத்திரண்டு இசைத்தட்டுகள்.
ஆளுக்கு மூன்று போக
மீந்த ஒன்பதுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை,
எண்ணிப் பார்த்தார்கள்.
அட்டை ஒருவருக்கு, உள்ளிருந்தது இன்னொருவருக்கு.
ஊசி உடைந்த பிளேயரைச் சென்னைக்காரர் எடுத்துக்கொண்டார்,
மேலே பூச்சாடி வைக்கலாம் என்று.

லண்டனுக்குக் கணக்குப் படிக்கப் போனவர் வாங்கியவை.
எழுபத்தேழு, பிரிக்ஸ்டன் கடை முத்திரை.
கணக்கை முடிக்காமலே ஊர் திரும்பினாராம்.
ஏன் என்று கேட்க அவரில்லை.

எனக்கு அதெல்லாம் தெரியாது, விலை மட்டும் கேட்டேன்,
காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவில்,
எனாமல் தூக்குச்சட்டிக்கும் ரசம்போன கண்ணாடிக்கும் நடுவில்.
"ஓடுமான்னு கேக்காத. செவுத்துல மாட்டத்தான் வாங்குறாங்க"
என்றார் கடைக்காரர் சிக்கந்தர்.
மைக் செட் போடுகிறவனுக்குச் சுவர் ஏது?

சித்திரை வெயிலில் நெளிந்த தட்டு.
சுற்றுக்கு ஒருமுறை பாடகியின் குரல்
மேடு ஏறி இறங்கியது, ஒக்கூர் ரோட்டில் சைக்கிள் போல.
ஆனால் அந்த பாஸ்!
காதுக்கு வரவில்லை அது,
நேரே வயிற்றுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.
என் குட்டியானை வண்டியின் பின்கதவு
ஆளில்லாமல் ஆடியது.

பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
ஹலோ ஹலோ சொல்லச் சலித்து
அதையே போட்டேன் டெஸ்டிங்குக்கு.
பந்திக்கட்டில் எட்டுப் பேர் வெங்காயம் நறுக்கினார்கள்.
முதலில் எட்டுக் கத்தி எட்டு விதம்.
கொஞ்ச நேரத்தில் ஒன்றில் சத்தமே இல்லை.
இரண்டில் எல்லாக் கத்தியும்.
மூன்று சும்மா.
நாலில் மறுபடி எல்லாக் கத்தியும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
வெங்காயக் கண்ணீரோடு தோள்கள் மட்டும் அசைந்தன.

தலைமைச் சமையல் பஞ்சவர்ணம் கரண்டியோடு வந்தாள்.
"எங்கேய்யா மொத அடி? விழுங்கிட்டானுங்களா?"
"விட்டுட்டாங்க. ரெகேன்னா அப்படித்தான்."
"அடுப்புல மொத அடிய விட்டா அடிப்பிடிச்சிரும்."
சொல்லிவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றாள்.
தட்டு முடிந்து ஊசி உரசும்வரை நின்றாள்.

அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
கோபுரம்போல் முடி வளர்த்த ஐந்து பேர்.
ஒருவர் பிறந்தது கிங்ஸ்டன், ஒருவர் பிரிட்ஜ்டவுன்,
எல்லோருக்கும் லண்டனில் வேலை: பஸ், ஆஸ்பத்திரி, தபால்.
எங்கள் ஊர்க்காரர்களும் கப்பல் ஏறியவர்கள்தான்,
பெட்டகத்தோடு போய்ப் பெட்டகத்தோடு வந்தவர்கள்.
இவர்களுடைய ஆட்கள் போனதற்கு
வரவும் இல்லை, பற்றும் இல்லை.
பாஸ் கிட்டார், ஜார்ஜ்டவுன்காரர்,
பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: மூன்சாமி.
"நிலாச்சாமியாம்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.
பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை.
"முனுசாமிடா அது.
எவனோ வெள்ளக்காரன் காதுல விழுந்தபடி எழுதிருக்கான்.
கரும்பு வெட்டப் போனவன் பேரனா இருக்கும்."
அந்த முகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தாள்.
மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

அது இரட்டைத் தட்டு ஆல்பம், என்னிடம் இருப்பது இரண்டாவது.
முதல் தட்டு பதினொன்றாம் பங்காளிக்கு விழுந்து
ஹூஸ்டன் போயிருக்கிறது.
நம்பர் பிடித்து, ராத்திரி முழித்துப் பேசினேன்.
நல்ல மனிதர். "நடுவுல ஓட்டை இருந்துச்சுல்ல,
முள்ளு மாட்டிக் கடிகாரமா ஆக்கிட்டோம்" என்றார்.
ஓடுதா என்றேன்.
"கொஞ்சம் ஸ்லோ."

சரியென்று வைத்துவிட்டேன்.
எந்த மகாலில் ஸ்பீக்கர் கட்டினாலும்
இப்போதெல்லாம் நான் தொடங்குவது
இரண்டாவதிலிருந்துதான்.