ஏணிமேல் மதியச் சாப்பாடு

சாட்ஸ்வொர்த்தில் மறுபடி மின்வெட்டு.
சாக்ரென் கார் பேட்டரியில் புரொஜெக்டரை மாட்டி
கராஜ் ஷட்டரை இறக்கினான்; அதுதான் திரை.
ஊமைப்படம், ஸ்பீக்கர் வேண்டியதில்லை.

டர்பன் துறைமுகத்தில் என் வேலை
கிரேன் ஏறுகிறவர்களின் இடுப்புவாரை
மூன்று முறை இழுத்துப் பார்ப்பது.
படத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

தொப்பிக்காரன் இரண்டு மொட்டைமாடிகளுக்கு இடையே
ஏணியைக் கிடத்தி, நட்டநடுவில் உட்கார்ந்து
சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்.
வாரில்லை. வலையில்லை.
கீழே ஓடுவது அசல் டிராம்.
ஏணி வளைகிறது. ஷட்டரின் மடிப்புகளில்
இன்னும் கொஞ்சம் வளைகிறது.
அவன் முகத்தில் பயமில்லை,
உப்பு போதவில்லை என்கிற வருத்தம் மட்டும்.

"கம்ப்யூட்டர் வேலை" என்றாள் திரிவேணி, பதினொரு வயது.
நூறு வருஷத்துக்கு முந்தைய படம்,
அப்போது ஏது கம்ப்யூட்டர் என்றேன்.
சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.
நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.
அப்புறம் வந்தது வேறு சிரிப்பு,
பாதி மூச்சில் அடைபட்டது.

என் கையோ இடுப்பில்
இல்லாத கொக்கியைத் துழாவிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
ட்யூப்லைட் பளீரென்று எரிய
வெறும் ஷட்டர், துரு, பூட்டு.
தெருவே கைதட்டியது.
நாங்கள் மட்டும் கத்தினோம்:
லைட்டை அணைத்துத் தொலை, சாக்ரென்,
அவன் இன்னும் ஏணியில் இருக்கிறான்!